8 ஓவர் டென்னிஸ் பந்துத் தொடர்: விதிகளையும் வடிவத்தையும் எந்த வரிசையில் முடிவு செய்வது?

பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ ஊரில் ஒரு டென்னிஸ் பந்து கிரிக்கெட் தொடர் நடத்தலாம் என்று பேச்சு வந்ததுமே எல்லோரும் முதலில் நோட்டீஸ் அடிக்கத்தான் ஓடுவார்கள். முதல் பரிசு இவ்வளவு, உபயம் இன்னார், நுழைவுக் கட்டணம் இவ்வளவு, கடைசி வரியில் "நடுவர் தீர்ப்பே இறுதியானது". அந்த நடுவர் யார், எந்த விதியை வைத்துத் தீர்ப்பு சொல்வார் என்பது மட்டும் நோட்டீசில் இருக்காது. நான் பார்த்த சண்டைகளில் முக்கால்வாசி, ஆட்டம் பாதியில் இருக்கும்போது விதியை முடிவு செய்யப் போனதால் வந்தவைதான்.

மைதான அனுமதி, ஸ்பான்சர், மைக் செட், தண்ணீர் லாரி பற்றியெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. விதிகளும் வடிவமும் மட்டும், அதுவும் எதை முதலில் முடிவு செய்தால் அடுத்தது தானாக அமையும் என்ற வரிசையில்.

முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

அளவு நாடா, இரண்டு செட் ஸ்டம்ப், எல்லைக்குக் கயிறு, இரண்டு ஸ்கோர் புத்தகம், ஒரு பக்கத்தில் அச்சடித்த விதித்தாள். பந்துகளை மொத்தமாக ஒரே கடையில், ஒரே கம்பெனியில் வாங்குங்கள். காலையில் கனமான பந்து, மதியம் தீர்ந்துபோய் வேறு ரகத்தில் லேசான பந்து என்று மாறினால் அடித்த பந்து போகிற தூரமே மாறிவிடும், தோற்ற அணி அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் ஒரு புதுப் பந்து. ஆடி முடித்த பந்துகளைத் தூக்கிப் போடாமல் ஒரு பையில் வையுங்கள். ஆறாவது ஓவரில் பந்து கிணற்றில் விழுந்தால், ஏறக்குறைய அதே அளவு தேய்ந்த பந்தைத்தான் மாற்றாகக் கொடுக்க வேண்டும். புதுப் பந்து கொடுத்தால் பந்து வீசும் அணி கத்தும், மட்டையடிக்கும் அணி சிரிக்கும்.

1. அணிகளை எண்ணும் முன் பகல் வெளிச்சத்தை எண்ணுங்கள்

புதியவர்கள் "16 அணி, 8 ஓவர்" என்று அறிவித்துவிட்டு அப்புறம் நேரத்தைப் பார்ப்பார்கள். வரிசையே தலைகீழ்.

ஓர் ஓவருக்கு 4 நிமிடம் வையுங்கள். சர்வதேச டி20யில் 20 ஓவருக்கு 85 நிமிடம் கொடுக்கிறார்கள், அதாவது ஓவருக்கு நாலேகால் நிமிடம். டென்னிஸ் பந்தில் ஓடிவரும் தூரம் குறைவு என்பதால் 4 போதும். 8 ஓவர் ஆட்டத்துக்கு இரண்டு இன்னிங்ஸும் சேர்ந்து 64 நிமிடம், இடைவேளை, டாஸ், அணிகள் மாறுவது என்று 15 நிமிடம், ஆக சுமார் 80 நிமிடம். காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை ஆடி நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு விட்டால் மிஞ்சுவது 600 நிமிடம். ஒரு நாளைக்கு 7 ஆட்டம், அவ்வளவுதான்.

16 அணி நாக் அவுட் என்றால் 15 ஆட்டம். சனி 7, ஞாயிறு 7 போக ஓர் ஆட்டம் மிஞ்சும், அது இறுதிப் போட்டியாகவே இருக்கும், இருட்டில்தான் நடக்கும். இதற்கு நான் பரிந்துரைப்பது: முதல் சுற்றை 6 ஓவராக வையுங்கள். ஓர் ஆட்டம் 63 நிமிடத்தில் முடியும், 8 ஆட்டமும் சனிக்கிழமையே ஏறக்குறைய எட்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஞாயிறு காலிறுதியும் அரையிறுதியும் 8 ஓவர், இறுதிப் போட்டி 10 ஓவர். கூட்டிப் பாருங்கள், 575 நிமிடம். தாமதமாக வரும் அணிகளுக்குக் கூடக் கொஞ்சம் இடம் இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான்.

2. குலுக்கல்: 'பை' எல்லாம் முதல் சுற்றிலேயே

நாக் அவுட்டில் மொத்த ஆட்டங்கள் எப்போதும் அணிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. இது எல்லோருக்கும் தெரியும். தடுமாறுவது 12 அணி வரும்போது. 12 பேரையும் ஜோடி சேர்த்து 6 ஆட்டம் வைப்பார்கள், அடுத்து 6 அணி 3 ஆகும், அப்புறம் அந்த 3 அணிகளில் ஒன்றை ஆடாமலே இறுதிப் போட்டிக்கு அனுப்ப வேண்டிய நிலை வரும். யாரை அனுப்புவது? சண்டை.

சரியான முறை: 2, 4, 8, 16, 32 என்ற வரிசையில் உங்கள் எண்ணுக்கு அடுத்த எண்ணைப் பாருங்கள். 12க்கு அடுத்தது 16, வித்தியாசம் 4, ஆக 4 அணிகளுக்கு முதல் சுற்றில் பை, அதாவது ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவார்கள். மீதி 8 அணிகள் 4 ஆட்டம் ஆடும், ஜெயித்த 4 பேரும் பை வாங்கிய 4 பேரும் சேர்ந்து காலிறுதி. 11 அணி என்றால் 5 பை, 3 ஆட்டம். பை யாருக்கு என்பதையும் எல்லா கேப்டன்களும் பார்க்க சீட்டுப் போட்டே எடுங்கள். போட்டி நடத்தும் ஊர் அணிக்கு பை விழுந்தால் நேர்மையாக விழுந்தாலும் நம்ப மாட்டார்கள், அதனால் நடத்தும் அணி முதல் சுற்றில் கட்டாயம் ஆடும் என்று முன்பே எழுதிவிடுவது நல்லது.

3. லீக் வைத்தால் ரன் ரேட் கணக்கைப் பழகிக்கொள்ளுங்கள்

8 அணிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தால் பிரிவுக்கு 6 ஆட்டம், அப்புறம் இரண்டு அரையிறுதி, ஒரு இறுதி, மொத்தம் 15. எட்டு பேரும் எல்லோரோடும் ஆடினால் லீக் மட்டுமே 28. ஒரே மைதானத்தில் அது நடக்காது, ஆசைப்படாதீர்கள்.

சமப் புள்ளி வந்தால் "நேருக்கு நேர் யார் ஜெயித்தார்கள்" என்று பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். 'அ' அணி 'ஆ'வை ஜெயிக்கும், 'ஆ' 'இ'யை ஜெயிக்கும், 'இ' 'அ'வை ஜெயிக்கும், மூன்று பேரும் வட்டமாக நிற்பார்கள். எனவே வரிசை இப்படி: புள்ளி, பிறகு வெற்றிகள், பிறகு நெட் ரன் ரேட்.

நெட் ரன் ரேட் என்பது ஓர் அணி எடுத்த மொத்த ரன்னை ஆடிய மொத்த ஓவரால் வகுத்து, அதிலிருந்து அந்த அணி கொடுத்த மொத்த ரன்னை வீசிய மொத்த ஓவரால் வகுத்து வந்ததைக் கழிப்பது. இதில் மூன்று தவறு திரும்பத் திரும்ப நடக்கும்.

முதல் தவறு தசமப் புள்ளி. 6.4 ஓவர் என்பது 6 ஓவரும் 4 பந்தும், கால்குலேட்டரில் அது 6.667. ஓர் அணி 8 ஓவரில் 72 எடுத்தது, அடுத்த அணி 6.4 ஓவரில் 73 எடுத்து ஜெயித்தது என்று வையுங்கள். சரியான கணக்கில் ஜெயித்த அணிக்கு கூடுதல் 1.95. 6.4 என்றே தட்டினால் 2.41 வரும். அரையிறுதிக்குப் போகிற அணியே மாறிப்போகும் அளவு வித்தியாசம் இது.

இரண்டாவது, ஆல் அவுட். 6 ஓவரில் 54க்குச் சுருண்ட அணிக்கு 54ஐ 6ஆல் வகுக்கக் கூடாது, முழு 8 ஓவரால் வகுக்க வேண்டும். இல்லாவிட்டால் சீக்கிரம் அவுட் ஆனதற்குப் பரிசு கொடுத்தது போல ஆகும். மூன்றாவது, ஒவ்வோர் ஆட்டத்தின் ரேட்டையும் தனித்தனியாகப் போட்டுச் சராசரி எடுப்பது. கூடாது, மொத்தத்தை மொத்தத்தால் வகுக்க வேண்டும். சூப்பர் ஓவர் (டை ஆனால் இரு அணியும் கூடுதலாக ஆடும் ஓர் ஓவர்) ரன்கள் இந்தக் கணக்கில் வராது, கைவிடப்பட்ட ஆட்டமும் வராது.

கடைசி லீக் ஆட்டத்தில் எத்தனை ஓவருக்குள் அடித்தால் தகுதி என்பதை ஸ்கோரர் இரண்டாவது இன்னிங்ஸ் தொடங்கும் முன்பே மைக்கில் சொல்லிவிட வேண்டும், "ஸ்கோர் சமனான பிறகு சிக்சர் அடித்து முடித்தால் எத்தனை பந்து கூடுதல்" என்பதையும் சேர்த்து. 2023 ஆசியக் கோப்பையில் லாகூரில் இலங்கைக்கு எதிராக ஆப்கானிஸ்தான் 37.1 ஓவரில் 292 எடுக்க வேண்டியிருந்தது. அது தவறிய பிறகும் 37.4 ஓவருக்குள் 295ஐத் தொட்டால் அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்ற வழி திறந்தே இருந்தது, ஆனால் களத்தில் நின்றவர்களுக்கு அது தெரியவில்லை, 289க்கு ஆல் அவுட் ஆகிவிட்டார்கள். சர்வதேச அணிக்கே இந்த நிலை என்றால் நம் ஊர் அணியை யோசித்துப் பாருங்கள்.

4. யார் ஆடலாம், யார் எத்தனை ஓவர் வீசலாம்

குலுக்கலுக்கு முன்பே ஒவ்வோர் அணியிடமும் 15 பேர் பட்டியல் வாங்குங்கள். ஒருவர் இரண்டு அணியில் இருக்கக் கூடாது. வெளியூர் ஆட்டக்காரர் எத்தனை பேர் என்று எண்ணால் எழுதுங்கள், "அளவோடு" என்று எழுதாதீர்கள். ஆதாரைப் பார்ப்பதாக இருந்தால் டாஸுக்கு முன்னால் பாருங்கள். தோற்ற பிறகு "அவன் இந்த ஊரே இல்லை" என்று வரும் புகாரை ஏற்பதில்லை என்பதும் விதித்தாளில் இருக்கட்டும்.

பந்து வீச்சு வரம்பு இதோடு சேர்ந்தது. சர்வதேச விதியில் ஒருவர் மொத்த ஓவரில் ஐந்தில் ஒரு பங்கு வீசலாம், வகுபடாவிட்டால் மிச்ச ஓவர்களை மட்டும் சிலர் கூடுதலாக ஒன்று வீசலாம். 10 ஓவரில் ஆளுக்கு 2. 8 ஓவரில் மூன்று பேர் மட்டும் 2, மற்ற இருவர் 1. 6 ஓவரில் ஒருவர் மட்டும் 2. பலர் "ஆளுக்கு அதிகபட்சம் 2" என்று எழுதிவிடுவார்கள், அப்போது 6 ஓவரை மூன்றே பேர் முடித்துவிடலாம், வெளியூரிலிருந்து இறக்கிய ஒரு வேகப் பந்து வீச்சாளர் மூன்றில் ஒரு பங்கை வீசுவதோடு அவருக்குத் துணையாக இரண்டு பேர் இருந்தாலே கதை முடிந்தது. ஐந்து பேர் வீசியே ஆக வேண்டும் என்ற விதி உள்ளூர்ப் பையன்களுக்கும் பந்தைக் கொடுக்க வைக்கும்.

5. கோடும் கயிறும்

பிட்ச் 22 கஜம், அதாவது 66 அடி, ஸ்டம்பிலிருந்து ஸ்டம்புக்கு. மட்டையடிக்கும் கோடு ஸ்டம்புக்கு 4 அடி முன்னால். எட்டு வைத்து அளக்காதீர்கள், அளவு நாடா எதற்கு இருக்கிறது?

எல்லைக்கு முடிந்தவரை கயிறு போடுங்கள். சுண்ணாம்புக் கோடு மதியத்துக்குள் கால் பட்டு அழிந்துபோகும், அதன் பிறகு கோட்டில் பிடித்த கேட்ச் எல்லாம் சாட்சி சொல்வதாகிவிடும். தரையில் படாமல் வரும் பந்தைத் தொடும் நேரத்தில் ஃபீல்டரின் உடம்பில் எந்தப் பகுதியாவது கயிற்றில் பட்டால் சிக்சர், இதில் இரண்டாவது பேச்சு வேண்டாம்.

கண்மாய் மைதானம், பள்ளி மைதானம் என்றால் ஒரு பக்கம் கருவேல மரமோ மின்கம்பியோ வீட்டுச் சுவரோ இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள்: மரத்தில் பட்டுப் பிடித்தால் அவுட் இல்லை, கம்பியில் பட்டால் பந்து செல்லாது, சுவருக்கு நேராகப் போனால் 4, மேலே தாண்டினால் 6 என்பது போல. என்ன முடிவு என்பது முக்கியம் இல்லை, முன்பே முடிவாகியிருப்பதுதான் முக்கியம்.

6. வைட், நோபால், ஃப்ரீ ஹிட், அப்புறம் மாங்கா

ஆஃப் பக்க வைட் கோடு நடு ஸ்டம்பிலிருந்து 35 அங்குலம். சர்வதேச ஒருநாள், டி20 ஆட்டங்களில் போடும் அளவே இது. லெக் பக்கம் காலுக்குப் பின்னால் படாமல் போனால் வைட். நிமிர்ந்து நிற்பவரின் தலைக்கு மேல் எழும்பிப் போனாலும் வைட். டென்னிஸ் பந்து நன்றாக எழும்பும் என்பதால் இதை எழுதாவிட்டால் பாதி ஓவர் தலைக்கு மேலேதான் போகும்.

வைடில் ஓடிய ரன் எல்லாம் வைட் கணக்கு. கீப்பர் விட்டு ஒரு ரன் ஓடினால் மொத்தம் 2, ஆனால் ஓடியது ஒன்று என்பதால் முனை மாறும். கயிற்றைத் தொட்டால் 5. வைட் பந்தில் ஸ்டம்பிங் அவுட் உண்டு, நோபாலில் கிடையாது. புது ஸ்கோரர்கள் தடுமாறுகிற இடம் இது.

எல்லா நோபாலுக்கும் ஃப்ரீ ஹிட், அதாவது அடுத்த பந்தில் போல்டு, கேட்ச் ஆனாலும் அவுட் இல்லை. அதில் ரன் அவுட் உண்டு என்பது தெரியும், ஆனால் ஸ்டம்பில் பட்டால் பந்து செத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். 2022 டி20 உலகக் கோப்பையில் மெல்போர்னில் பாகிஸ்தானுக்கு எதிராக ஃப்ரீ ஹிட்டில் கோலி போல்டு ஆனார், பந்து ஸ்டம்பில் பட்டு தேர்டு மேன் பக்கம் ஓட, மூன்று ரன் ஓடிவிட்டார்கள், அது பைஸ் ஆக (மட்டையில் படாமல் ஓடிய ரன்னாக) பதிவானது. உங்கள் தொடரிலும் அதுவே விதி என்று நடுவர் கேப்டன்களிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இனி மாங்கா. முழங்கையை மடக்கி எறிவதுதான் டென்னிஸ் பந்துத் தொடர்களின் தீராத வழக்கு. சர்வதேச விதியில் 15 டிகிரி வரை முழங்கை நிமிரலாம், ஆனால் அதைக் கண்ணால் பார்த்து அளக்க முடியாது. அதனால் இதை லெக் நடுவரின் (மட்டையடிப்பவருக்குப் பக்கவாட்டில் நிற்பவர்) தீர்ப்பாக வையுங்கள்: முதல் முறை எச்சரிக்கை, இரண்டாவது முறை நோபால், மூன்றாவது முறை அந்த ஆட்டத்தில் அவர் மேற்கொண்டு வீசக் கூடாது. மிச்சப் பந்துகளை வேறொருவர் முடிப்பார், அவர் முந்தின ஓவரையும் வீசியிருக்கக் கூடாது, அடுத்த ஓவரையும் வீசக் கூடாது. அரையிறுதியில் திடீரென்று கண் திறப்பதுதான் பெரிய அநியாயம். முதல் ஆட்டத்திலிருந்தே ஒரே மாதிரி பாருங்கள்.

7. அவுட் பற்றி முன்பே பேச வேண்டியவை

எல்.பி.டபிள்யூ., அதாவது ஸ்டம்புக்குப் போகிற பந்து காலில் பட்டால் கொடுக்கும் அவுட், பெரும்பாலான தொடர்களில் கிடையாது. நடுவர் தரம் தெரியாத இடத்தில் அது சரியான முடிவுதான். ஆனால் அதை எடுத்துவிட்டால் சிலர் ஸ்டம்பை மறைத்துக் காலை நீட்டுவார்கள். வேண்டுமென்றே காலால் தடுத்தால் முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை அவுட் என்று சேர்த்து எழுதுங்கள். காலில் பட்டு ஓடும் ரன் உண்டா இல்லையா என்பதையும் எழுதுங்கள்.

கேட்ச் ஆனபோது இருவரும் குறுக்கே கடந்திருந்தாலும், ஓவர் முடிந்திருந்தால் தவிர, புதிதாக வருகிறவர்தான் அடுத்த பந்தை ஆட வேண்டும். 2022 அக்டோபரிலிருந்து இதுதான் விதி. பழைய விதியில் ஆடிப் பழகியவர்கள் இன்னும் வாதாடுவார்கள். பந்து வீசும் முன் வெளியே போன எதிர்முனைக்காரரை ரன் அவுட் ஆக்குவதும் சாதாரண ரன் அவுட்தான். "முதலில் எச்சரிக்கை கொடுக்கணும்" என்பது விதியில் இல்லாத ஒன்று. உங்களுக்கு அந்த எச்சரிக்கை வேண்டும் என்றால் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

8. நேரத்தைக் காப்பாற்றுவது

சர்வதேச ஆட்டத்தில் ஓவருக்கு இடையே 60 விநாடி கடிகாரம் ஓடுகிறது, இரண்டு எச்சரிக்கைக்குப் பிறகு 5 ரன் அபராதம். இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், ஒரு போன் போதும். உட்புற வட்டம் போட்டால் 8 ஓவருக்கு 2 ஓவர் பவர்பிளே, அதில் வட்டத்துக்கு வெளியே 2 ஃபீல்டர்தான், பிறகு 5 பேர். மைதானம் சின்னது என்றால் வட்டமும் வேண்டாம், பவர்பிளேயும் வேண்டாம்.

9. டை ஆனால்

சூப்பர் ஓவர். இரண்டாவதாக மட்டையடித்த அணி இதில் முதலில் ஆடும், மூன்று பேர், இரண்டு விக்கெட் விழுந்தால் முடிந்தது. அதுவும் சமன் என்றால் பவுண்டரி எண்ணாதீர்கள். 2019 உலகக் கோப்பை இறுதியில் லார்ட்ஸில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் 241, சூப்பர் ஓவரில் 15, எல்லாம் சமனாகி 26க்கு 17 என்ற பவுண்டரிக் கணக்கில் முடிந்ததை உலகமே திட்டியது, அதே ஆண்டு ஐசிசி அந்த விதியை எடுத்துவிட்டது. இப்போது முடிவு தெரியும்வரை சூப்பர் ஓவர்தான். நமக்கு வெளிச்சம் இல்லை, அதனால் இரண்டு சூப்பர் ஓவருக்குப் பிறகு பவுல் அவுட் வையுங்கள், ஆளுக்கு ஒரு பந்து என்று ஐந்து பேர் காலி ஸ்டம்பைப் பார்த்து வீசுவது. 2007 டி20 உலகக் கோப்பையில் டர்பனில் இந்தியா பாகிஸ்தானை 3-0 என்று இப்படித்தான் ஜெயித்தது. ஐந்து நிமிட வேலை.

10. மழை

தொடங்கும் முன் மழை என்றால் இரு அணிக்கும் சமமாக ஓவரைக் குறையுங்கள், 5 ஓவருக்குக் கீழே போகாதீர்கள். சர்வதேச டி20யிலும் குறைந்தபட்சம் அதுதான். ஆட்டம் நடுவில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். முடியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து 5 ஓவர் ஆட்டம். "முதல் அணி இதே ஓவரில் எவ்வளவு எடுத்திருந்தது" என்று ஒப்பிட்டு முடிவு சொல்லும் முறையை நான் ஏற்பதில்லை. 30க்கு 7 விக்கெட் இழந்த அணி 29க்கு விக்கெட்டே இழக்காத அணியை ஜெயித்துவிடும். என்ன நியாயம் அது?

11. நடுவர்களும் ஸ்கோர் புத்தகமும்

லெக் நடுவராக மட்டையடிக்கும் அணியின் ஆளை நிறுத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ரன் அவுட், ஸ்டம்பிங், மாங்கா மூன்றும் அவர் கையில்தான் இருக்கிறது. காத்திருக்கும் அணியிலிருந்து ஒருவரை எடுக்கலாம், ஆனால் இந்த ஆட்டத்தில் ஜெயிப்பவரோடு அடுத்து மோதப்போகும் அணியாக அது இருக்கக் கூடாது.

ஸ்கோரர் இரண்டு பேர், ஒவ்வோர் ஓவர் முடிவிலும் இருவரும் ஒப்பிட்டு மைக்கில் சொல்ல வேண்டும். செயலியில் ஸ்கோர் போடுவதாக இருந்தாலும் காகிதப் புத்தகம் கூடவே ஓடட்டும், சார்ஜும் சிக்னலும் நம் பேச்சைக் கேட்காது. எப்போதாவது "ஒரு ரன் விட்டுப்போச்சு" என்று ஒரு கேப்டன் வந்தால், முந்தின ஓவர் முடிவில் அறிவித்த ஸ்கோருக்கு முன்னால் போக மாட்டோம் என்று சொல்லுங்கள்.

12. முதல் டாஸுக்கு முன் கேப்டன்கள் கூட்டம்

காலை 6.30க்கு எல்லா கேப்டன்களையும் பிட்ச் பக்கத்தில் நிறுத்தி விதித்தாளை வாசியுங்கள். மரம், கம்பி, வைட் கோடு மூன்றையும் நேரில் காட்டுங்கள். மதியம் ஆட்டம் இருக்கிற அணியின் கேப்டன் காலையில் வர மாட்டார், அதனால் அவர்களுக்கு டாஸுக்கு 10 நிமிடம் முன்னால் மறுபடி வாசியுங்கள், சலிப்பாக இருந்தாலும். தாளில் எல்லா கேப்டன்களிடமும் கையெழுத்து வாங்கி ஒரு பிரதியை ஸ்கோரர் மேசையில் ஒட்டிவிடுங்கள். அதில் இல்லாத சிக்கல் ஏதாவது வந்தால் இரண்டு நடுவர்களும் நடத்தும் குழுவில் ஒருவரும் ஐந்து நிமிடத்தில் முடிவு சொல்லி, அதை உடனே அதே தாளில் பேனாவால் எழுதி, அடுத்த ஆட்டத்திலிருந்து எல்லோருக்கும் பொருந்தும் என்று அறிவித்துவிடுங்கள்.